மேடு இரண்டு

புத்தகம் எழுத வந்த மனிதர் முதல் நாளே வெளிச் செருப்போடு என் அறைக்குள் நுழைந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். முப்பத்து நான்கு வருஷமாக அந்த லென்ஸ் கம்பெனியில் நான்தான் செக்கிங். கம்பெனியைத் தொடங்கிய பெரியவரே என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். இவர் என்னடாவென்றால் தெருத்தூசி மொத்தத்தையும் காலில் ஒட்டிக்கொண்டு வந்து நின்று, "மேடம், உங்க கம்பெனியோட சாதனைங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்கிறார்.

"முதல்ல வெளிய போய்ச் செருப்பக் கழட்டிட்டு வாங்க. சாதனை எங்கயும் ஓடிப் போயிடாது" என்றேன்.

பாவம், போனார், வந்தார். சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. கொஞ்சம் அதிகமாகத்தான் விரட்டிவிட்டோமோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னேன்.

கம்பெனிக்கு ஐம்பது வருஷம் நிறைகிறது. அதற்கு ஒரு விழா, ஒரு வரலாற்றுப் புத்தகம். பெரியவர் போன பிறகு அவருடைய மகள்தான் கம்பெனியை நடத்துகிறார். நாங்கள் சின்ன மேடம் என்போம். "எனக்கு என்ன தெரியும், எல்லாம் செக்கிங் அக்காவக் கேளுங்க" என்று அவர் கைகாட்டிவிட்டார். கேட்டார், சொன்னேன்.

தொடக்கம் ஒரு கார் ஷெட். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் நிலம் அளக்கிற சர்வேயர் ஒருத்தர், முன்பக்க லென்ஸ் உடைந்துபோன கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டிலிருந்து மாற்று லென்ஸ் வர எட்டு மாதம் ஆகுமாம். "ஒரு வாரம் குடுங்க" என்றார் பெரியவர். வாய்க்கொழுப்புதான். ஒரு வாரம் ஐந்து மாதமாயிற்று. பதினோரு கண்ணாடி பாழ். பன்னிரண்டாவதை மாட்டிப் பார்த்த சர்வேயர், எதிர்க்குன்றில் நட்டிருந்த கம்பு முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்றாராம். அதோடு பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்தது அதிகாலை ஷிஃப்ட். லென்ஸைத் தார் பூசிய தட்டில்தான் பாலிஷ் போடுவோம். வெயில் ஏறினால் தார் இளகும், லென்ஸின் வளைவு கெட்டுப்போகும். மற்றவர்கள் அறையைக் குளிர வைக்க மெஷின் வாங்கினார்கள். இவர் எல்லோரையும் காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லிவிட்டார். "இதையும் புதுமைன்னு எழுதிக்குங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

பிறகு காய்ச்சல் பலகை. கை பட்டாலே கண்ணாடி சூடேறி உப்பும். அதனால் அளக்கிறதுக்கு முன்னால் நாற்பது நிமிஷம் அதை ஒரு பலகையில் தொடாமல் வைத்திருக்க வேண்டும். "காய்ச்சல் இறங்கட்டும்" என்பார் பெரியவர். பலகைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாராவது கோபமாக இருந்தாலும், "போய்க் காய்ச்சல் பலகையில கொஞ்ச நேரம் உக்காரு" என்போம். அதிக தடவை சொல்லப்பட்டது எனக்குத்தான்.

"அதுக்கப்புறம் ரெண்டு கலர் சீட்டு" என்றேன்.

"சீட்டா? அது எப்படி மேடம் சாதனையாகும்?" என்று சிரித்தார் புத்தகக்காரர்.

"மத்த எல்லாத்தையும் விட அதுதான் பெருசு. சிரிக்காம கேளுங்க."

லென்ஸின் வளைவு சரியா என்று பார்க்க மாஸ்டர் என்று ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸ் எவ்வளவு புடைத்திருக்க வேண்டுமோ அவ்வளவு குழிந்திருக்கும் அது. லென்ஸை அதன்மேல் வைத்து மஞ்சள் விளக்கில் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் என்றால் தலைமயிரின் தடிமனில் இருநூறில் ஒரு பங்கு வித்தியாசம். லேசாக அழுத்தும்போது வளையம் வெளியே ஓடினால் லென்ஸ் நடுவில் மேடு. உள்ளே ஓடினால் பள்ளம். நான் வெள்ளைச் சீட்டில் 'மேடு 2' என்று எழுதிக் கொடுத்தால், பாலிஷ்காரர் நடுவைத் தேய்த்து இரண்டு வளையம் இறக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பாஷை.

ஆனால் மாஸ்டரும் மனுஷன் செய்ததுதானே. அதிலும் குறை இருக்கும். அந்தக் குறையைத் தனியாக அளந்து, சிவப்புச் சீட்டில் எழுதி, மாஸ்டர் பெட்டியின் மூடியில் ஒட்டுவோம். சிவப்பில் 'மேடு 2' என்று இருந்தால் மேடு மாஸ்டரில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மாஸ்டரில் வைக்கும்போது லென்ஸ் இரண்டு வளையம் மேடாகத் தெரிந்தால்தான் அது சரியான லென்ஸ், அதற்குமேல் தொடாதே. எழுத்து ஒன்றுதான். வெள்ளையில் எழுதினால் இறக்கு, சிவப்பில் எழுதினால் தொடாதே. இது பெரியவரின் மூளை.

புத்தகக்காரர் இதை எழுதி, பிறகு அடித்துவிட்டதைப் பார்த்தேன். வாசிக்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"ரொம்பப் பெரிய சாதனைன்னா அரை வளையம்னு எல்லாரும் சொல்றாங்களே?" என்றார்.

அரை வளையம் என்பது அளவும்தான், ஒரு ஆளின் பட்டப்பெயரும்தான். அந்த ஆள் என் கூடப்பிறந்த தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே நான். மற்ற கம்பெனிகளில் மூன்று வளையத்துக்குள் கொண்டுவந்தால் கைதட்டுவார்கள். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் நுண்ணோக்கிக்கு லென்ஸ் கேட்டு ஒரு ஆர்டர் வந்தது. ஒரு வளையத்துக்குள் வேண்டும் என்றார்கள். பெரியவரே தயங்கினார். இவன் நாலு நாள் தட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் கொண்டுவந்து வைத்தான். காய்ச்சல் இறங்கட்டும் என்று நாற்பது நிமிஷம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வைத்துப் பார்த்தால் ஒரு முழு வளையம்கூட இல்லை, மஞ்சளாக ஒரு பாதி நிழல். வெள்ளைச் சீட்டில் 'அரை' என்று எழுதினேன்.  அந்தச் சீட்டை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து கம்பெனிக்கு இருந்த மதிப்பே மாறிப்போயிற்று. எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவனைப் பார்க்க வருவார்கள். கூச்சத்தில் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்வான், கழுதை.

"இப்ப எங்க இருக்கார்?"

"வீட்ல."

"ரிட்டயர்டா?"

நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். அவர் தன் நோட்டைப் புரட்டினார். "சின்ன மேடம் இன்னொன்னும் சொன்னாங்க. பதினேழு வருஷம் முன்னாடி, விமானத்துல இருந்து நிலத்தப் படம் எடுக்கிற கேமராவுக்கு நாற்பது லென்ஸ். மொத்தமும் திரும்பி வந்துடுச்சாமே. யாரோ ஒரு தொழிலாளியோட கைப்பிசகுன்னு."

"டீ குடிக்கிறீங்களா?" என்று எழுந்துவிட்டேன்.

கைப்பிசகு உண்மைதான். யார் கை என்பதுதான் கேள்வி. அது என் கை.

அந்த நாற்பது லென்ஸுக்காகப் புதிதாக ஒரு மாஸ்டர் செய்தோம். அளந்தேன். மேடு இரண்டு. எழுதலாம் என்று பார்த்தால் சிவப்புச் சீட்டுக் கட்டு தீர்ந்திருந்தது. ஸ்டோருக்குப் போய் வாங்கி வர ஐந்து நிமிஷம் ஆகும். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஒரு கால் வாசலில், ஒரு கால் அறையில். வெள்ளைச் சீட்டை எடுத்து 'மேடு 2' என்று எழுதி மூடியில் ஒட்டினேன். வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஓடினேன். ஆஸ்பத்திரியிலேயே மூன்று வாரம் போய்விட்டது.

தம்பி அந்தப் பெட்டியைத் திறந்தான். வெள்ளைச் சீட்டு, அக்கா கையெழுத்து, மேடு இரண்டு. இத்தனை வருஷம் அந்த எழுத்து அவனுக்கு ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறது. இந்த மாஸ்டரில் சரியாகப் பொருந்துகிற லென்ஸ் உண்மையில் இரண்டு மேடு, இன்னும் இரண்டு இறக்கு. இறக்கினான். நாற்பதையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இறக்கினான். மாஸ்டரில் வைத்தால் பள்ளம் இரண்டு. சரியான லென்ஸ் அதில் மேடு இரண்டு காட்ட வேண்டும், இது பள்ளம் இரண்டு காட்டினால் உண்மையில் பள்ளம் நான்கு.

சரி, அவன்தான் ஏமாந்தான், திரும்பி வந்து செக் பண்ணியது யார்? நான். நானே எழுதிய சீட்டை நானே பார்த்தேன். வெள்ளை. 'மேடு 2'. கை பழக்கம், கண் பழக்கம். பள்ளம் இரண்டு காட்டுகிறதா, சரி, பாஸ். நாற்பதுக்கும் பாஸ் போட்டேன். மூன்று வாரம் தூங்காத மூளை என்று சொல்லிப் பார்க்கிறேன். அது எனக்கே நம்பும்படியாக இல்லை.

இரண்டு மாதம் கழித்து லென்ஸ் பெட்டி திரும்பி வந்தது. 'அளவுக்குள் இல்லை' என்று ஒற்றை வரிக் கடிதம். பெரியவர் தம்பியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் நான் ஒரு லென்ஸை எடுத்து மாஸ்டரில் வைத்தேன். பள்ளம் இரண்டு. இன்னொன்று. பள்ளம் இரண்டு. ஆறு எடுத்துப் பார்த்தேன், ஆறும் ஒன்றேபோல. மூடியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வெள்ளை நிறம் கண்ணில் பட்டது. 

அப்போது நான் செய்ததைத்தான் சொல்ல நாக்கு கூசுகிறது. சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஸ்டோருக்குப் போய்ச் சிவப்புச் சீட்டு வாங்கி வந்தேன். அந்த ஐந்து நிமிஷம் இப்போது இருந்தது பார்த்தீர்களா. 'மேடு 2' என்று எழுதி அதே இடத்தில் ஒட்டினேன்.

வேலை போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன. வீட்டுக்காரர் படுக்கையில். நாளைக்குச் சொல்லலாம், தம்பிதானே, புரிந்துகொள்வான், பெரியவரின் கோபம் ஆறட்டும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் மாஸ்டர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். சிவப்புச் சீட்டு சரியாக இருந்தது. "நீ பார்க்கும்போது எப்படிம்மா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். "சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அப்படியானால் நான் பார்த்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது. தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. செக்கிங் முடிந்து வந்த லென்ஸையும் பெட்டியில் வைக்குமுன் தார்த்தட்டில் இரண்டே இரண்டு சுற்று தடவுவான். செல்லத் தடவு என்று எல்லோரும் கேலி பண்ணுவோம். அது விதிக்கு விரோதம், ஆனால் அரை வளையத்தை யார் கேட்பது? அன்றைக்குக் கேட்டார்கள். "அந்தக் கடைசித் தடவுதான்யா எல்லாத்தையும் கெடுத்துடுச்சு" என்றார் பெரியவர். முன்பு பார்த்த சீட்டின் நிறம் தம்பிக்கு நினைவிருந்ததோ இல்லையோ, இப்போது கண்ணுக்கு முன்னால் சிவப்பு இருந்தது, தலையாட்டினான். "ஆமாங்க, என் கைதான்" என்றான்.

பிசகுகிற கை நாற்பது தடவையும் ஒரே அளவா பிசகும்? கொஞ்சம் யோசித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அவனே நின்றுவிட்டான். இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் வருகிற வண்டிக்கு நம்பர் எழுதுகிறான். அவன் பெண்டாட்டி இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பேசாத மனுஷனோடு எத்தனை நாள் ஓட்டுவது? அம்மா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். அவன் என் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டான். என் வீட்டுக்காரரைக் கடைசிவரை தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது எல்லாம் அவன்தான். உட்காரும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான். கண்ணாடி டம்ளரைத் தொடமாட்டான், ஸ்டீல் டம்ளரில்தான் டீ. சட்டைப் பையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் 'அரை' என்று நான் எழுதிய அந்தச் சீட்டு. துவைக்கப் போடும்போது மறக்காமல் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுவான். வேறு எதுவும் அவனிடம் இல்லை.

திரும்பி வந்த நாற்பது லென்ஸையும் பெரியவர் மரப்பெட்டியோடு என் அறையின் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லியிருந்தார். "குனியும்போதெல்லாம் கண்ணுல படட்டும்" என்றார். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்குப் பட்டது. பதினேழு வருஷமாக அந்தத் தட்டில் எதையும் குனிந்து எடுக்காமல் சமாளித்துவந்தேன்.

புத்தகக்காரர் வந்துபோன இரண்டு வாரத்தில் சின்ன மேடம் என் அறைக்கு வந்தார். விழாவுக்கு என்னென்னவோ தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கீழ்த் தட்டுல ஒரு மரப்பெட்டி இருக்கே, என்னது?"

"பழைய ரிஜெக்ட் மேடம்."

"எதுக்காவது வேணுமா?"

"எதுக்கும் ஆகாது. தூக்கிப் போட வேண்டியதுதான்."

வாய் தானாகச் சொல்லிற்று. "தூக்கியெல்லாம் போட வேணாம், நான் எடுத்துக்கறேன்" என்று சிரித்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பிறகு புத்தகத்தின் அச்சுப்படி திருத்துவதற்காக என்னிடம் வந்தது. வேலை நேரத்தில் முடியாமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சாயங்காலம் நான் அடுப்படியிலிருந்து வந்தபோது தம்பி அதை மேசையில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அறுபத்தோராம் பக்கம். 

'அந்த ஆண்டு, ஒரு தொழிலாளியின் கைப்பிசகால் நிறுவனம் பெரும் பின்னடைவைச் சந்தித்தது.'

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தான். "பேரு போடல பாருக்கா" என்றான். "நல்ல மனசு அவங்களுக்கு."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், அழுதிருந்தால்கூட எப்படியாவது இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருப்பேன். நன்றி சொல்கிறான். நாளைக் காலை அந்தப் பெட்டியையும் மாஸ்டரையும் மஞ்சள் விளக்கையும் வைத்து இவனை உட்கார வைத்து, நாற்பதையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். வார்த்தையில் சொன்னால் நம்பமாட்டான். வளையத்தை நம்புவான். நாற்பதும் ஒரே அளவு பள்ளம் என்று அவன் கண்ணால் பார்த்தால் போதும், மிச்சத்தை அவன் கையே அவனுக்குச் சொல்லிவிடும்.

காலையில் சின்ன மேடத்தின் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மேசைமேல் நாற்பதும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வளைந்த முகத்திலும் மணலைப் பீய்ச்சி, வெள்ளையாகக் கம்பெனிச் சின்னம் பொறித்திருந்தார்கள். கீழே 'துல்லியத்தின் ஐம்பது ஆண்டுகள்'. பின்பக்கத்தை நிற்பதற்கு வசதியாகத் தட்டையாக வெட்டியிருந்தார்கள்.

"எப்படிக்கா இருக்கு? பழைய ஆளுங்களுக்கு நினைவுப் பரிசு" என்றார்.

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சொரசொரவென்று இருந்தது. இனி எந்த மாஸ்டரில் வைத்தாலும் ஒரு வளையமும் தெரியாது. "நாற்பதுலயுமா?" என்று கேட்டேன். 

"நாற்பதுலயும்."

நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சீட்டு, சிவப்புச் சீட்டு, பெரியவரிடம் சொன்ன பொய், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"இத இப்ப எப்படிக்கா நிரூபிக்கிறது?"

"மாஸ்டர் இருக்கு மேடம்."

"லென்ஸ்?"

இரண்டு பேரும் மேசையைப் பார்த்தோம்.

"நீங்கதானேக்கா எதுக்கும் ஆகாதுன்னு சொன்னீங்க" என்றார் மெதுவாக. பிறகு கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுது. கைப்பிசகுன்னு இருக்கற வரிய எடுத்துடறேன். அந்த வருஷத்தையே விட்டுடலாம். உங்க தம்பிய விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல முடியாது."

அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

விழா காலை பத்து மணிக்குப் பாலிஷ் கூடத்திலேயே நடந்தது. தம்பி வரமாட்டான் என்று நினைத்தேன். சட்டையை அவனே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பி நின்றான். கூடத்தில் நுழைந்ததும் பழைய ஆட்கள், "அரை வளையம் வந்தாச்சுப்பா" என்று எழுந்து வந்து தோளைத் தட்டினார்கள். அவன் பார்வை போன இடம் மட்டும் எனக்குத் தெரியும், மூன்றாவது ஜன்னலோரம், அவனுடைய தட்டு இருந்த இடம். அங்கே இப்போது வேறொரு மெஷின்.

சின்ன மேடம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தார். மற்றவர்கள் எல்லோரும் அதை உள்ளங்கையில் கப்பென்று வாங்கினார்கள். இவன் கைக்குட்டையை எடுத்து, விரல் முகத்தில் படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினான். பதினேழு வருஷத்தில் அவன் கண்ணாடியைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். கை மறுபடியும் தொடைக்கு அடியில் போய்விட்டது.

"அக்கா, இது அந்த நாற்பதுல ஒண்ணு."

"ஆமா."

"எனக்கே குடுத்துட்டாங்க" என்று சிரித்தான். "குடுக்கட்டும். நான் கெடுத்ததுதானே, நானே வெச்சுக்கறேன்."

"நீ கெடுக்கல" என்றேன். "இங்க பாரு, நான் சொல்றத முழுசாக் கேளு."

சொன்னேன். அவன் பாஷையிலேயே சொன்னேன், ஒரு எழுத்து விடாமல். மாஸ்டரில் மேடு இரண்டு, சிவப்பு தீர்ந்துபோனது, வெள்ளையில் எழுதியது, அவன் இரண்டு இறக்கியது, நான் பார்த்தும் பாஸ் போட்டது, ஆறு லென்ஸும் ஒரே மாதிரி இருந்தது. சொல்லும்போதே அழுதுவிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"எனக்காக எதுக்குக்கா பொய் சொல்ற?"

"பொய் இல்லடா."

"பெட்டி மூடியில சிவப்புதான் இருந்துச்சு. முதலாளி என் கண்ணு முன்னாடியே எடுத்துக் காட்டினார். நானே பார்த்தேன்."

"அது நான் அப்புறம் மாத்தி ஒட்டினது."

"நீ மாத்த மாட்ட." ஏதோ குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? செருப்போட வந்தா முதலாளியையே வெளிய நிக்க வெக்கற ஆளு நீ. சிவப்புல எழுத வேண்டியத வெள்ளைல எழுதுவியா?"

"எழுதினேன். சத்தியமா எழுதினேன். ஒரு அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்."

 வலது கையை வெளியே எடுத்து, சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, அந்தப் பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தான். காகிதம் பழுப்பேறியிருந்தது. 'அரை' என்ற என் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"இத நீதானே எழுதின?"

"ஆமா."

"இதப் பார்த்தது நீ மட்டும்தான். அந்த லென்ஸ் அன்னைக்கே போயிடுச்சு, வேற யாரும் வெச்சுப் பார்க்கல. உன் சீட்டு தப்பாகாதுங்கற ஒரே நம்பிக்கைலதான் இது அரை." விரலால் உறையை என் பக்கம் தள்ளினான்.  "நாற்பதுக்குத் தப்பா எழுதினேங்கற. அப்ப இதையும் தப்பா எழுதியிருக்கலாம்ல? ஒண்ணரையா இருந்திருக்கலாம். ரெண்டா இருந்திருக்கலாம். நான் என்னைக்குமே அரை போட்டதில்லையோ என்னவோ."

"அது அரைதான்டா. என் கண்ணால பார்த்தேன்."

"இதையும் கண்ணாலதானே பார்த்த?" என்று லென்ஸைக் காட்டினான்.

 நாற்பதில் ஒன்றே ஒன்று முகம் பழுதில்லாமல் இருந்திருந்தால் போதும். தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் விளக்கடியில் உட்கார வைத்திருப்பேன். மேசைமேல் வெள்ளையாகச் சின்னம் பொறித்த கண்ணாடித் துண்டு உட்கார்ந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முழித்த முழியில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. பதினேழு வருஷமாக ஒரு தடவை கை தவறியவனாக வாழப் பழகிவிட்டான். ஒரு தடவைகூடச் சரியாகச் செய்யாதவனாக வாழ அவனால் முடியாது.

"சொல்லுக்கா. உன் சீட்டு தப்பா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப?"

"விழாவுல உன்னப் பார்த்ததும் மனசு கேக்கல. அதான் என்னென்னவோ உளறிட்டேன்."

"அப்ப என் கைதானே?"

 அவன் காத்திருந்தான்.

"ஆமாடா. உன் கைதான்."

"அப்படிச் சொல்லு" என்று மூச்சை விட்டான். உறையை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து, பழையபடி பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.